ஏழு கையெழுத்து

(கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கான பயிற்சி நாளில், ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

முதல்வர் அவர்களே, பேராசிரியர்களே, அலுவலக நண்பர்களே, கடைசி வரிசையில் கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கும் விடுதிச் சமையல்காரர்களே, வாட்ச்மேன்களே, எல்லோருக்கும் வணக்கம். வரிசையைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன். இன்றைய பேச்சு முதலில் உங்களுக்குத்தான். முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். மின்விசிறியும் இங்கேதான் சுற்றுகிறது.

அழைப்புக் கடிதத்தில் தலைப்பு "மாணவர் ஆதரவுச் சேவைகளுக்கு வழிகாட்டுவதில் பணியாளர்களின் பங்கு" என்று இருந்தது. முப்பத்திரண்டு வருடம் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவள் நான். இவ்வளவு நீளமான தலைப்பைப் பார்த்ததும் கோப்பு எண் போட்டு அலமாரியில் வைக்கத்தான் கை போகிறது. அதனால் ஒரு டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2023 தொடக்கத்தில் நடந்தது. அப்போது வேறு ஊரில் வேறொரு கல்லூரியில் இருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து ஜன்னலைத் திறந்த நேரம், இரண்டாம் ஆண்டு இயற்பியல் படித்த பையன் ஒருவன் டி.சி. கேட்டு நோ டியூஸ் தாளை நீட்டினான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததில் மடிப்போரம் கிழியத் தொடங்கியிருந்தது. எங்கள் கல்லூரியில் ஏழு கையெழுத்து வேண்டும். துறைத் தலைவர், ஆய்வகம், நூலகம், விடுதி, உடற்கல்வி, என்.எஸ்.எஸ்., கூட்டுறவுப் பண்டகசாலை. ஏழும் இருந்தன. நூலக முத்திரை மட்டும் பாதிதான் விழுந்திருந்தது. "சீல் தெளிவா இல்லப்பா, மறுபடி போட்டு வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பினேன். போய் வாங்கி வந்தான். விண்ணப்பத்தில் "காரணம்" என்ற இடம் காலியாக இருந்தது. "இதுல என்ன எழுதணும் மேடம்?" என்று கேட்டான். "குடும்பச் சூழ்நிலைன்னு எழுது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றேன். எழுதினான். மறுநாள் டி.சி.யைக் கையில் கொடுத்தேன். கோப்பில் ஒரு குறை கிடையாது. எந்தத் தணிக்கைக்காரர் வந்தாலும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

ஒரு வருடம் கழித்து, என் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். ஒட்டிக்கொடுத்தது அந்தப் பையன். அவன்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டான். கண்ணாடியில் தூசி விழாமல் ஊதிக்கொண்டே சொன்னான். உதவித்தொகை வரவில்லை. விடுதி மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனது. அப்பாவுக்குக் கட்டட வேலையில் கால் முறிந்து ஆறு மாதமாக வருமானம் இல்லை. பாக்கியை அடைத்தால்தான் விடுதியில் கையெழுத்துப் போடுவார்கள் என்று அம்மா தோட்டை அடகு வைத்தார். அதாவது கல்லூரியை விட்டுப் போவதற்காகவே கடன் வாங்கியிருக்கிறார்கள். "பணம் ஏன் வரலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது மேடம். அக்கவுண்ட்ல ஆதார் சேரலையாம்" என்றான். நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான். "நம்ம காலேஜ் மேடம்" என்று சொல்லிக் கொடுத்தான்.

அந்த ஆதார் விஷயம் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் 2021-22 முதல் மத்திய அரசின் பங்கான 60 சதவீதம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. கணக்கில் ஆதார் எண் இருந்தால் மட்டும் போதாது, அரசுப் பணத்தைப் பெறும் கணக்காக அது இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்த பையன் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். பணமோ வந்த வழியே திரும்பிவிடுகிறது. வங்கிக்குப் போய் ஒரு படிவம் கொடுத்தால் சரியாகிவிடும். இல்லையென்றால் அஞ்சலகத்தில் ஆதாரும் கைரேகையும் வைத்து இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் கணக்கு ஒன்று புதிதாகத் தொடங்கலாம். அரை நாள் வேலை. என் பக்கத்து மேசையில் இருந்த உதவித்தொகைப் பிரிவு எழுத்தருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அவருக்கும் அந்தப் பையன் நின்ற ஜன்னலுக்கும் எட்டடி தூரம்.

ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள், நான் எட்டாவது. ஒருவர்கூட "ஏம்ப்பா போற?" என்று கேட்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது, காரணம் என்ன எழுதணும் என்று அவன் என்னிடம் கேட்டானே, அது. சொல்லத்தான் வந்தான். எழுத வேண்டிய வார்த்தையை நான் எடுத்துக் கொடுத்து வாயை அடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஜன்னலை நான் ஒழுங்காகப் பார்த்தேன். அலுவலக ஜன்னல் என்பது ஒரு விசித்திரமான அமைப்பு. உள்ளே நாம் உட்கார்ந்திருக்கிறோம், வெளியே அவர்கள் குனிந்து நிற்கிறார்கள். கம்பிக்குக் கீழே ஒரு சாண் திறப்பு. அதில் வாயை வைத்துப் பேசினாலும் மின்விசிறிச் சத்தத்தில் நமக்குக் கேட்காது. "சத்தமா சொல்லும்மா" என்போம். பின்னால் எட்டுப் பேர் வரிசையில். அத்தனை பேர் காதுபட ஒரு பெண் பிள்ளை, எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம் என்று எப்படிச் சொல்வாள்? "போனஃபைடு வேணும் மேடம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரே மாதத்தில் மூன்று முறை போனஃபைடு வாங்கிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். எதற்கு இத்தனை என்று எரிச்சல்தான் பட்டேன்.

மேசைக்குப் பக்கத்தில் உள்ளேயே ஒரு ஸ்டூல் போட்டேன். "வரிசை போகட்டும், நீ உள்ள வந்து உக்காரு" என்று சொல்வதற்கு அந்த ஸ்டூல் போதும். என் சர்வீஸில் நான் செய்த சீர்திருத்தம் என்று ஒன்று உண்டானால் அதுதான், செலவுக் கணக்கில் வராத சீர்திருத்தம்.

மாணவர்கள் ஏன் நம்மிடம் வருகிறார்கள்? பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மதிப்பெண் போடுகிறவரிடம் பலவீனத்தைக் காட்ட யாருக்கும் பயம் இருக்கும். சமையல்காரரிடம் அந்தப் பயம் இல்லை. எந்தப் பையன் மூன்று நாளாகத் தட்டை நிரப்பி அப்படியே கொட்டுகிறான் என்பது அவருக்குத்தான் தெரியும். விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் ஒரு பெண் அறையிலேயே இருப்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். நூலகர் விளக்கை அணைக்கும்வரை ஒரே பக்கத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பவனை நூலகர்தான் பார்க்கிறார். கல்லூரிப் பேருந்து ஓட்டுநருக்குத் தெரிவது இந்த மேடையில் இருக்கும் பலருக்குத் தெரியாது. பார்ப்பது நாம். ஆனால் பார்த்ததை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது தெரியாததால், "அங்க போய் கேளு" என்று கை காட்டிவிடுகிறோம். நம் கல்லூரிகளில் ஒரு நாளில் அதிகம் பேசப்படும் வாக்கியம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அங்கே போனால் அவர் சாப்பிடப் போயிருப்பார். வந்தால் "இது நான் இல்ல, ட்யூட்டரைப் பாரு" என்பார். மூன்றாவது கதவில் பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிடும்.

எங்கள் பழைய கல்லூரியில் மனநல ஆலோசகருக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் கதவில் "ஆற்றுப்படுத்துநர்" என்று எழுதி ஒட்டினார். "கவுன்சிலர்னு போட்டா எல்லாருக்கும் புரியுமே சார்" என்றேன். "வார்டு கவுன்சிலர்னு நெனச்சுக் குடிதண்ணி வரலைன்னு மனு கொடுப்பாங்கம்மா" என்றார். சிரித்துவிட்டு உட்கார வைத்து விளக்கினார். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துவது என்றால் வழியில் செலுத்துவது. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டு, ஆற்றுப்படைதான். பெரும்பாலும், வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞர், வறுமையோடு எதிரே வருகிற இன்னொரு கலைஞரைப் பார்த்து, நீயும் போ என்று வழி சொல்கிற பாட்டு.

அவற்றில் மலைபடுகடாம் நம் பக்கத்துச் சமாசாரம். அது சொல்லும் நன்னனின் செங்கண்மா, இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் செங்கம்தான். 583 அடிப் பாட்டில் வழி எவ்வளவு நுணுக்கமாகச் சொல்லப்படுகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு கிடக்கும் குழி எங்கே, வழுக்குகிற இடம் எது, தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், அப்போது எப்படிப் போக வேண்டும், இரவில் எங்கே தங்கலாம், யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும். அரண்மனை வாசலில் என்ன நடக்கும் என்பது வரைக்கும் வந்துவிடும். "இத்தனையும் எப்படித் தெரியும்? அவன் போயிட்டு வந்தவன்ம்மா" என்றார் அவர்.

எனக்கு அன்று உறைத்தது இதுதான். நான் பிள்ளைகளை அனுப்பிய இடங்கள் எதற்கும் நான் போனதில்லை. ஆலோசகர் அறைக்குள் போனதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது என்று தெரியாது. 14416 என்ற மனநல உதவி எண்ணைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன், ஒருநாளும் அழைத்ததில்லை.

ஒரு ஞாயிறு மாலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழைத்தேன். டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. மொழியைத் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் காத்திருந்தேன். ஒரு பெண் நல்ல தமிழில் பேசினார். சோதனைக்காகக் கூப்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓய்வு நெருங்க நெருங்கத் தூக்கம் வரவில்லை என்றேன். அதுவும் பொய்யில்லை. பத்து நிமிடம் பேசினோம். மறுநாளிலிருந்து நான் சொல்வது மாறிவிட்டது. "இந்த நம்பருக்குப் பேசு" என்பதை விட்டு, "எடுத்தவுடனே மொழி கேக்கும், தமிழை அமுக்கு, கொஞ்ச நேரம் லைன்ல இரு, அந்தம்மா பொறுமையா பேசுவாங்க. நான் பேசியிருக்கேன்" என்று சொன்னேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில் பிள்ளைகளின் முகம் மாறும், பார்த்திருக்கிறேன். இதே வேலைக்குத் தமிழ்நாட்டின் 104 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் தன்னார்வலர்களை வைத்து நடக்கும் சினேகா இருக்கிறது. எது என்றாலும் ஒருமுறை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் பணியாளர்களிடம் ஒரு சிவப்புக் கோப்பு அட்டை கொடுத்து வைத்திருக்கிறார்கள். உடனடி ஆபத்தா, நிச்சயம் தெரியவில்லையா, ஆபத்து இல்லை ஆனால் கவலையாக இருக்கிறதா என்று பிரித்து, எதற்கு யாரை அழைப்பது என்று ஒரே பார்வையில் தெரியும்படி அச்சிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஊரில் அப்படி அச்சிட்டால் முதல் பக்கத்தில் வாழ்த்துரை, இரண்டாம் பக்கத்தில் குழு உறுப்பினர்கள் படம், எண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். நான் ரூல் போட்ட தாளில் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். அதைப் பிறகு தருகிறேன்.

இப்போது இது விருப்பத்துக்கு விட்ட காரியமும் இல்லை. 2022இல் மட்டும் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டு நெறிகளில், கல்வி நிறுவனத்தின் ஆசிரியர்கள், ஆசிரியரல்லாதவர்கள் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும் என்று இருக்கிறது. அபாய அறிகுறிகளைக் கண்டுகொள்வதும் உரிய இடத்துக்கு அனுப்புவதும் அந்தப் பயிற்சியில் அடக்கம். நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. முதல்வர் தலையசைக்கிறார், சந்தோஷம்.

குழுக்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ராகிங்குக்கு எதிராக 1997இலேயே நம் மாநிலம் சட்டம் போட்டது. அதற்கு முந்தைய வருடம் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டது இங்கே மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாலியல் தொல்லைக்கு 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு. மற்ற குறைகளுக்கு யு.ஜி.சி.யின் 2023 விதிப்படி மாணவர் குறைதீர்க் குழு. எல்லாவற்றுக்கும் பலகை இருக்கிறது. ஓய்வுபெற்று எட்டு மாதம் கழித்து ஒரு விழாவுக்காகப் பழைய கல்லூரிக்குப் போனேன், உறுப்பினர் பலகையில் என் பெயர் அப்படியே இருந்தது. என் பழைய இன்டர்காம் எண்ணும் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் யாராவது அந்த எண்ணுக்கு அடித்திருந்தால் மணி எங்கே அடித்திருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

புகார்க் குழு விஷயத்தில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பெண் உங்களிடம் வந்து ஒருவரைப் பற்றிச் சொன்னால், "நான் பேசி முடிச்சு வைக்கிறேன்மா" என்ற வேலை வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் சொல்வீர்கள். ஆனால் புகார் கொடுக்கச் சட்டம் வைத்திருக்கும் அவகாசம் மூன்று மாதம். உங்கள் பஞ்சாயத்தில் அது கரைந்துபோகும். குழுத் தலைவியிடம் அழைத்துக்கொண்டு போங்கள். போகிற வழியில் உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லாதீர்கள்.

அடுத்து, நம் எல்லோர் வாயிலும் தானாக வரும் "அப்பாவைக் கூட்டிட்டு வா." பெரும்பாலும் சரிதான். ஆனால் பிரச்சினையே வீட்டில் என்றால்? வேறு சாதிப் பையனோடு பேசினாள் என்பதற்காகப் படிப்பை நிறுத்தப் பார்க்கும் வீட்டுக்கு நாம் போன் போட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று நம் மாநிலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதலில் அவளையே கேளுங்கள்: "வீட்ல யார்கிட்ட சொல்லலாம்?" சித்தி என்பாள், தாய்மாமா என்பாள். யாரும் வேண்டாம் என்றால் அந்தப் பதிலுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. 181 என்ற எண் பெண்களுக்கானது. மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன், உட்கார நாற்காலியும் பேசத் தனி அறையும் இருந்தன.

கடினமான இடத்துக்கு வருகிறேன். ஒரு பிள்ளை "எதுக்கு இருக்கணும்னே தெரியல" என்கிற மாதிரி பேசினால் என்ன செய்வது? பேச்சை மாற்றுவோம், "சேச்சே, அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்போம். அங்கேயே அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஏற்றிவிடுவோமோ என்று எனக்கும் பயம் இருந்தது. அப்படி ஆகாது, கேட்டால் பாரம் இறங்குகிறது என்றுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆமாம் என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள், கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் ஆள் நிற்கட்டும். ஆலோசகரை அந்த இடத்துக்கே வரச் சொல்லுங்கள். அவர் இல்லையென்றால் உங்கள் போனிலேயே 14416 போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். ஏதாவது விழுங்கியிருந்தால் 108, ஒரு நிமிடம் தாமதிக்காமல். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைக் காப்பாத்தத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மூடி மறைக்கவும் வேண்டாம். 2017 மனநலச் சட்டம் வந்த பிறகு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சையும் பராமரிப்பும் தர வேண்டும் என்பதே நிலை.

இதையெல்லாம் செய்தால் நாம் ஆலோசகர் ஆகிவிட மாட்டோம். ஒரு வருடம் உட்கார்ந்து ஒரு பையனின் கதையை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது, அவனுக்கு எதுவும் சரியாகவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது மருந்து. என் ஸ்டூல் அதற்கு உதவாது. அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்பாமல் வைத்திருப்பதும் தப்புதான். அப்புறம், கேட்டதை டீக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். "அந்த செகண்ட் இயர் பொண்ணு இருக்கா இல்ல..." என்று ஆரம்பிக்கும் பேச்சு ஒன்று போதும், அடுத்த பத்துப் பிள்ளைகள் உங்களிடம் வர மாட்டார்கள்.

பணம் பற்றிய வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் தாளில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். கல்லூரிப் பொறுப்பு அலுவலர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பணம் தவிர இன்னொன்று: மாற்றுத்திறன் என்றால் சக்கர நாற்காலி மட்டும் நினைவுக்கு வருகிறது நமக்கு. 2016 சட்டத்தில் 21 வகை உண்டு, எழுத்தும் எண்ணும் தடுமாறும் கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் எழுதித் தர ஆளும் உண்டு. ஆறு அரியர் வைத்திருக்கும் பையனைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் தேர்வுப் பிரிவு நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, தாள். முன் வரிசையில் இருப்பவர்கள் ஒன்று எடுத்துக்கொண்டு மற்றதைப் பின்னால் அனுப்புங்கள். ஒரு பக்கம்தான். இடது பக்கம் பிரச்சினை, நடுவில் ஆளின் பெயரும் எண்ணும், வலது பக்கம் அவர் உண்மையாக இருக்கையில் இருக்கும் நேரம். அலுவலக நேரம் 10 மணி என்று எழுதவில்லை, 11.30க்கு வருபவர் என்றால் 11.30 என்றே எழுதியிருக்கிறேன். யாரும் என்னோடு சண்டைக்கு வரக் கூடாது. நேற்று நானும் உங்கள் நூலகரும், ஒரு மாடி தவிர, ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துத்தான் எழுதினோம். பேனா இருந்தால் எடுங்கள். மூன்றாவது வரியில் இருக்கும் பெயரை அடித்துவிடுங்கள், அவருக்குப் போன வாரமே மாறுதல் வந்துவிட்டதாம், காலையில்தான் சொன்னார்கள். புதிதாக வந்திருப்பவர் பெயர் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நேரம் இருப்பார் என்பதற்கு இடம் விட்டிருக்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேர் அவர் அறை இருக்கும் அந்த மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்து எல்லோருக்கும் சொல்லுங்கள்.